பின்னாலை ஆளில்லை

பாரிசின் லா சப்பலில் மெத்ரோ ரயில் தலைக்கு மேலே கடகடத்துப் போகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க்கடை இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு என்னுடைய அலுவலகம் அதுதான். போன மாதம் ரமணன் என்னைத் தேடிக்கொண்டு அங்கே வந்தார். நான் விட்ட வேலையை இப்போது செய்பவர் அவர். ஆட்களை ஜீப் வரிசையாகப் பாலைவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும் ஒரு சின்ன நிறுவனத்தில் மெக்கானிக்.

இப்போது ஒவ்வொரு ஜீப்பிலும் ஒரு திரை பூட்டியாயிற்றாம். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று எல்லோருக்கும் புள்ளி புள்ளியாகத் தெரியுமாம். ஆகவே மெக்கானிக்கின் வண்டி எந்நேரமும் கடைசியில் வரவேண்டியதில்லை, நடுவில் வந்தால் போதும் என்று நிறுவனத்தில் ஒரு கதை அடிபடுகிறதாம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். பதில் சொல்ல ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம் காணாது, எழுதித் தருகிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன். ஆள் அதைப் பகிடி என்று நினைத்திருப்பார்.

நான் பாரிசுக்கு வந்து செய்த வேலைகளைச் சொல்லப் புறப்பட்டால் கதை பாலைவனத்துக்குப் போய்ச்சேராது. கோப்பை கழுவினேன், ஆர்ஜொந்தெய்யில் ஒரு கராஜில் வண்டிகளுக்குக் கீழே படுத்துக் கிடந்தேன், பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தேன். 2009-இல், ஊரில் யுத்தம் முடிந்து எங்கள் ஆட்கள் வீடுகளில் தொலைக்காட்சியும் தொலைபேசியும் அழுகையுமாகக் கிடந்த அந்த ஆண்டின் கடைசியில், கராஜுக்கு ஜீப் திருத்த வந்த ஒரு பெண்மணி, மொரோக்கோவுக்கு வருகிறாயா என்று கேட்டார். அந்த நேரம் சந்திர மண்டலத்துக்கு வருகிறாயா என்று கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆட்கள் இல்லாத, செய்தி வராத ஓர் இடம் எனக்குத் தேவையாக இருந்தது.

அந்தப் பெண்மணிதான் மதாம் ஓதில். நிறுவனத்தின் முதலாளியும் முதல் வண்டியின் ஓட்டுநரும் அவரே. மொரோக்கோவின் தெற்கே மஹமித் என்றொரு ஊர் இருக்கிறது. தார்ச்சாலை அங்கே முடிந்துவிடும். ஒரு காலத்தில் உப்பும் பொன்னும் சுமந்த ஒட்டகங்கள் திம்புக்து வரைக்கும் போய்வந்த பாதை அங்கேதான் தொடங்கும். அந்தப் பாதையின் ஒரு துண்டை, மணல்மேடுகளையும் இரிக்கி என்ற வற்றிப்போன ஏரியையும் கடந்து, தார்ச்சாலை மறுபடி வரும் ஊர் வரைக்கும் வாடிக்கையாளர்கள் தாங்களே ஓட்டிப் போவார்கள். முன்னுக்கு மதாம், கடைசியில் நான்.

மதாமின் குணத்தைச் சொல்லவேண்டும். மெல்லிய, உயரமான பெண். சத்தம்போட்டு ஒரு நாளும் பேசியதில்லை. மணல்மேடு ஒன்று சந்தேகமாக இருந்தால் சப்பாத்தைக் கழற்றி நாடாக்களை முடிந்து கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வெறுங்காலோடு ஏறிப் பார்ப்பார். சப்பாத்து கழுத்துக்குப் போய்விட்டால் அன்றைக்கு எங்களுக்கு மண்வெட்டி வேலை இருக்கிறது என்று அர்த்தம். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடும். எல்லோரையும் 'நீ' என்று கூப்பிடுகிறவர், திடீரென்று 'நீங்கள்' என்றால் அவ்வளவுதான், நான் உடனே ஜீப்புக்குக் கீழே ஏதாவது வேலை தேடிப் போய்விடுவேன்.

அவருடைய சட்டங்கள் சின்னவை. மணலுக்குள் இறங்குமுன் ரயரின் காற்றைப் பாதிக்கு இறக்கவேண்டும். அப்போதுதான் ரயர் பரந்து, புதையாமல் மிதக்கும். கல்லுத் தரையில் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது பெருவிரலை உள்ளே விடக்கூடாது. முன்சக்கரச் சில்லு கல்லில் அடித்தால் ஸ்டியரிங் சுழன்று விரலை முறித்துப்போடும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: உனக்கு முன்னால் போகிற வண்டி உன் பொறுப்பு அல்ல, பின்னால் வருகிற வண்டிதான் உன் பொறுப்பு. கண்ணாடியில் அது தெரியாவிட்டால் நில். நீ நின்றால் உனக்கு முன்னால் போகிறவனின் கண்ணாடியில் நீ தெரியமாட்டாய், அவனும் நிற்பான். அப்படியே முதல் வண்டி வரைக்கும் போய்ச்சேரும். கேட்க மிகச் சுலபம். ஆனால் ஓட்டுகிறவர்களுக்கு முன்னுக்குப் பார்க்கத்தான் ஆசை.

சில வருடங்களில் லா சப்பல் முழுக்க என் வேலை பிரசித்தமாகிவிட்டது. முடிவெட்டும் கடையில் நான் விட்ட அளப்புத்தான் காரணம் என்பதை மறைக்கத் தேவையில்லை. மளிகைக்கடை செல்வராசா ஒருநாள் என்னை மறித்து, வெள்ளைக்காரரை மட்டும்தான் கூட்டிக்கொண்டு போவீர்களா, நாங்கள் என்ன குறைந்தவர்களா என்று கேட்டார். அடுத்த குளிர்காலத்தில் செல்வராசா, சேலைக்கடைக்காரர், போன்கடைக்காரர், நகைக்கடைக்காரர் எல்லோரும் குடும்பத்தோடு மஹமித்தில் வந்து இறங்கினார்கள். அரிசிக் குக்கரும் வந்திறங்கியது. அதை எதில் செருகப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

முதல் நாளே மதாமின் சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒரு பிழையை எங்கள் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். பிரெஞ்சுக்காரர்களின் வரிசையில் ஒரு வண்டி புதைந்தால் மற்றவர்கள் தூரத்தில் நின்று படம் எடுப்பார்கள். அன்று சேலைக்கடைக்காரரின் வண்டி மென்மணலில் புதைந்ததும், பின்னால் வந்த போன்கடைக்காரர் பதறியடித்து அதன் பக்கத்திலேயே நிறுத்தி இறங்கி ஓடினார். நகைக்கடைக்காரர் மறுபக்கத்தில் நிறுத்தினார். செல்வராசா வண்டியை நடுவுக்குள் கொண்டுபோய்விட்டார். கலியாண வீட்டில் கார் நின்றுபோனால் தள்ளுவதுபோல எல்லோரும் சேர்ந்து தள்ளி, சேலைக்கடைக்காரரின் வண்டி ஒரு முழம்கூட நகராமல் நிற்க, திரும்பிப் பார்த்தால் நான்கு வண்டியும் அச்சு வரைக்கும் மணலுக்குள்.

மதாம் தன் வண்டியின் முன்மூடியில் ஏறி உட்கார்ந்து பேரீச்சம்பழம் சாப்பிட்டுக்கொண்டு இதை முழுவதும் பார்த்தார். 'நீங்கள்' வரப்போகிறது என்று நான் ஒளிய இடம் தேடினேன். வரவில்லை. உதவி செய்ய வேண்டாம் என்று இவர்களிடம் சொல்லமுடியாது, முதலில் இறுகிய தரைக்குப் போய் நிறுத்திவிட்டு, பிறகு நடந்து வந்து உதவச் சொல் என்றார். சொல்லும்போது சிரித்தார். நாங்கள் பொழுதுபடும் வரைக்கும் மண் வெட்டினோம். குக்கரை எங்கே செருகினார்களோ தெரியாது, இரவு சோறு வெந்திருந்தது. மதாமும் கையால் பிசைந்து சாப்பிட்டார்.

செல்வராசாவின் வண்டி எனக்கு நேர் முன்னால் போனது. பக்கத்தில் அவருடைய மனைவி ராசமலர். ஸ்தேன் புறநகரில் இருக்கும் அவர்கள் வீட்டில் இந்தப் பயணத்தை முதலில் கேட்டதே அந்தப் பிள்ளைதான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிரான்சில் மூன்றாம் முறை ஓட்டிக் காட்டி லைசென்ஸ் எடுத்தவள். எடுத்த நாளிலிருந்து அது அலுமாரிக்குள் கிடந்தது. கடைக்குச் சாமான் ஏற்றும் வான் வண்டி செல்வராசாவின் ராச்சியம், அதில் அவளுக்கு ஓட்டுநருக்கு வலப்பக்க இருக்கை மட்டும்தான். செல்வராசா நல்ல மனிதர், ஆனால் கண்ணாடி பார்க்கிற பழக்கம் அறவே இல்லை. நான் பின்னால் லைட்டை அடித்தாலும் ஒன்றுதான், ஆடிக்காட்டினாலும் ஒன்றுதான்.

இரண்டாம் நாள் கல்லுத் தரையில் அவருடைய முன்சில்லு ஒரு பாறையில் அடித்தது. பெருவிரல் உள்ளே இருந்தது. ஸ்டியரிங் சுழன்ற வேகத்தில் விரல் பிசகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. மடியில் இருந்த தேநீர்ப் போத்தல் பறந்து ரேடியோவின் மேலே ஊற்றி, அதுவும் செத்துப்போயிற்று. மதாம் வந்து விரலைத் தடவிப் பார்த்து, முறியவில்லை, ஆனால் இந்தக் கையால் ஓட்டமுடியாது என்றார்.

மற்ற வண்டிகளில் ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். என் வண்டியை விட்டு நான் அசையமுடியாது. எனவே மதாம் முடிவைச் சொன்னார். பக்கத்துக் கிணற்றடியில் கூடாரம் போட்டிருக்கும் குடும்பத்திடம் இந்த வண்டியை விடுவது, செல்வராசாவையும் ராசமலரையும் திருப்பி மஹமித்துக்கு அனுப்புவது. அவர்களுக்குப் பயணம் இதோடு முடிந்தது. அதை நான் தமிழில் சொன்னபோது ராசமலரின் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. மணல்மேட்டின் உச்சியும் அந்த ஏரியும் அந்தக் கிணற்றுக்கு அப்பால்தான் இருந்தன.

"நான் ஓட்டுறன், அண்ணை. மதாமிட்டைக் கேளுங்கோ," என்றாள்.

செல்வராசா வலியோடும் சிரித்தார். "உமக்கென்ன விசரே? பாரிசிலை ஓட்டாத ஆள் பாலைவனத்திலை ஓட்டுறதே?"

"பாரிசிலை ஓட்ட விட்டனீங்களே?"

சேலைக்கடைக்காரரின் மனைவி திரும்பி நின்று சிரித்ததை நான் கண்டேன்.

மதாம் என்னிடம் இவள் சொன்னதைக் கேட்டறிந்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றிக் கழுத்தில் போட்டார். ராசமலரும் செருப்பைக் கழற்றினாள். இருவரும் பக்கத்து மணல்மேட்டில் வெறுங்காலோடு ஏறினார்கள். மதாமின் பிரெஞ்சு அவளுக்குப் பாதி விளங்கும், ஆனால் கால் எந்த இடத்தில் புதைகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்பதற்கு மொழி தேவையில்லை. இறங்கிவந்து வண்டியில் ஏறினாள். முதல் தடவை பாதி மேட்டில் பயந்து காலை எடுத்தாள், வண்டி சறுக்கிக் கீழே வந்தது. இரண்டாம் தடவை புதைந்தது. நாங்கள் வெட்டி எடுத்தோம். எங்கள் ஆட்கள் இம்முறை எல்லா வண்டியையும் இறுகிய தரையில் விட்டுவிட்டு நடந்து வந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். செல்வராசா கை விரலைத் துணியில் சுற்றிக்கொண்டு தூரத்தில் நின்று, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை அவள் காலை எடுக்கவில்லை. வண்டி உச்சிக்குப் போய், ஒரு கணம் வானத்தைப் பார்த்து நின்று, அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து நீண்ட ஹோர்ன் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மதாம் மேட்டின் மேலே ஏறி நின்று அவளிடம், "சரி, நீ வா," என்றார். 'நீ' என்று சொன்னதை நான் கவனித்தேன்.

அவர்களின் ரேடியோ செத்துப்போயிருந்ததால் என்னுடையதைக் கழற்றி அவர்களின் வண்டியில் பூட்டச் சொன்னார் மதாம். புதிதாக ஓட்டுகிறவளுக்கு அது கட்டாயம் வேண்டும், உன் கண்ணாடியில்தான் ஒருவரும் இல்லையே, நீ யாரோடு கதைக்கப் போகிறாய் என்றார். அதுவும் நியாயம்தான்.

அன்றிலிருந்து ஒரு வித்தியாசத்தைக் கண்டேன். செல்வராசா ஓட்டியபோது அவருடைய வண்டியின் பக்கக்கண்ணாடியில் எனக்கு வானம்தான் தெரிந்தது. இப்போது அதில் ஒரு பொட்டும் இரண்டு கண்ணும் தெரிந்தன. அந்தப் பிள்ளை மூச்சுக்கு மூச்சு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சில நேரம் நான் கையை ஆட்டிக் காட்டுவேன்.

அடுத்த நாள் ஏரிக்குள் இறங்கினோம். ஏரி என்றால் தண்ணீர் இல்லை. கண் எட்டும் வரைக்கும் வெள்ளையாக வெடித்த களித்தரை, கிழக்கு எது மேற்கு எது என்று காட்ட ஒரு செடியும் இல்லை. நடுவில் போய்க்கொண்டிருக்கும்போது காற்று எழும்பியது. அரித்த மாவைப் போன்ற தூசி. கடைசி வண்டிக்கு இயற்கையின் தூசியும் முன்னால் போகிறவர்களின் தூசியும் சேர்த்துக் கிடைக்கும். என் எஞ்சின் இருமத் தொடங்கியது, பிறகு நின்றுவிட்டது. ராசமலரின் வண்டி தூசிக்குள் மங்கி, இல்லாமல் போனது.

காற்று வடிகட்டியைக் கழற்றினேன். மாச்சாக்கு மாதிரி இருந்தது. சில்லில் அடித்துத் தட்டிப் பூட்டி எஞ்சினை எழுப்புவதற்குள், முன்னால் இருந்த ரயர் தடங்களைக் காணவில்லை. காற்று துடைத்துக்கொண்டு போய்விட்டது. ரேடியோ இல்லை. என் கையாலேயே கழற்றிக் கொடுத்திருந்தேன். இப்படியான நேரத்துக்கும் மதாமிடம் ஒரு சட்டம் இருக்கிறது: கடைசியாக அவர்களைக் கண்ட இடத்திலேயே நில், தேடிப் போகாதே. தேடிப் போனவர்களைத்தான் தேடவேண்டி வரும்.

நான் நின்றேன். பயந்தேன். வண்டியில் தண்ணீர் இருந்தது, சாப்பாடும் இருந்தது, ஆனால் பயம் அதைப்பற்றியது அல்ல. எனக்குப் பின்னால் ஆள் இல்லை என்பது இத்தனை வருடமாகத் தெரிந்த விஷயம்தான். அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் விளங்கியது. முன்னால் போகிற அந்த ஒரு ஆள் திரும்பிப் பார்த்தால் உண்டு, பார்க்காவிட்டால் இல்லை. செல்வராசா ஓட்டியிருந்தால் இரவுச் சாப்பாட்டுக்கு இலை போடும்போதுதான் நான் இல்லை என்று கண்டிருப்பார்.

வரிசையின் முன்பக்கத்தில் நடந்ததைச் செல்வராசாவே பிறகு லா சப்பல் முழுக்கச் சொல்லித் திரிந்தார். ராசமலர் கண்ணாடியைப் பார்த்தாளாம், உடனே பிரேக்கை மிதித்தாளாம். செல்வராசாவோ, அவர் மெக்கானிக்கர், வழி தெரிந்த மனிதர், தானாக வந்துசேருவார், முன்னால் போகிற வண்டியை விட்டால் நாங்கள் துலைந்தோம், வண்டியை எடும் என்று கத்தியிருக்கிறார். அவள் எடுக்கவில்லை. ரேடியோவைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்து ஒரு பிரெஞ்சுச் சொல்லும் வாயில் வரவில்லை.

"பின்னாலை ஆளில்லை," என்று தமிழிலேயே சொன்னாள். "மதாம், பின்னாலை ஆளில்லை."

சொல்லிவிட்டு ஹோர்னில் கையை வைத்தவள் எடுக்கவேயில்லை. முன்னால் போன நகைக்கடைக்காரரின் கண்ணாடியில் அவள் இல்லாமல் போக அவரும் நின்றார். அவருக்கு முன்னால் போனவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். மதாமுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரல் எதைச் சொல்லும் என்று அவருக்கு விளங்காமல் இருக்குமா? வரிசையின் ஓரமாகத் திரும்பி ஓட்டிவந்து, அவளுடைய வண்டி நின்ற இடத்திலிருந்து அவளுடைய தடங்களைப் பிடித்துக்கொண்டு பின்னுக்கு வந்தார். அவள் உடனே நின்றபடியால்தான் பிடித்து வர அங்கே தடம் இருந்தது. இன்னும் கொஞ்சத் தூரம் போயிருந்தால் ஒரு கோடும் மிஞ்சியிராது.

காற்று சற்று அடங்கியபோது எனக்கு முதலில் கேட்டது ஹோர்ன். பிறகு இரண்டு மஞ்சள் வெளிச்சம். மதாம் என் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, என்னை உச்சி முதல் கால் வரை பார்த்தார்.

"தவம், நீங்கள் பிந்திவிட்டீர்கள்," என்றார்.

அத்தனை வருடத்தில் என்னை அவர் 'நீங்கள்' என்றது அன்று ஒருநாள்தான். கோபம் என்று நினைத்தேன். பேரீச்சம்பழப் பையை என் கையில் திணித்துவிட்டு, தண்ணீர் இருக்கிறதா என்று மூன்று தரம் கேட்டபிறகுதான், பயந்தாலும் அவருக்கு மரியாதை வரும் என்று அறிந்தேன்.

ராசமலரின் வண்டியடிக்கு வந்தபோது அவள் இன்னமும் ஹோர்னை விடவில்லை. செல்வராசாதான் தன் நல்ல கையால் அவளுடைய கையை மெல்ல எடுத்துவிட்டார். பிறகு இறங்கி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஏரியின் மிச்சத்தை அவளே ஓட்டினாள். அன்று இரவும் சோறு வெந்தது.

பாரிசுக்கு வந்தபிறகு கடை வானின் திறப்புக் கொத்து ராசமலரின் கைப்பைக்குள் போய்விட்டது. விடியற்காலையில் மரக்கறிப் பெட்டிகளோடு மெத்ரோப் பாலத்துக்குக் கீழே அவள் வானைத் திருப்பும்போது, செல்வராசா வலப்பக்க இருக்கையில் இருந்துகொண்டு இல்லாத பிரேக்கைக் காலால் மிதிப்பார். நான் தேநீர்க்கடையிலிருந்து பார்த்துச் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். மதாமோ அந்த இரண்டு சொல்லையும் பாடமாக்கிவிட்டார். பிரெஞ்சு வாடிக்கையாளர்களுக்கும் ரேடியோவில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார். மணல்மேட்டுக்கு நடுவில் ஒரு வெள்ளைக்காரப் பல்வைத்தியர் 'பின்னாலை ஆளில்லை' என்று தமிழில் கூப்பிடுவதைக் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

நான் ஓய்வு பெறுகிற வருடம் லா சப்பல் ஆட்கள் மறுபடியும் வந்தார்கள். இம்முறை எனக்காக. மஹமித்தில் என் வண்டியடிக்குப் போனால், அதன் ஓட்டுநர் இருக்கையில் ராசமலர் இருந்தாள். பக்கத்தில் செல்வராசா, மடியில் தேநீர்ப் போத்தல் இல்லாமல். மதாம் என்னைத் தன் வண்டிக்குக் கூப்பிட்டு, இன்றைக்கு நீ முன்னுக்கு இரு, பாதையைப் பார் என்றார்.

முன்னுக்கு இருந்தேன். ஒட்டகங்கள் போன பாதை முழுவதும் எனக்கு முன்னால் தூசியே இல்லாமல் திறந்து கிடந்தது. இவ்வளவு அழகு என்று எனக்கு அதுவரை தெரியாது. ஆனாலும் பழக்கதோசம், ஏரிக்குள் இறங்கியதும் நான் திரும்பித் திரும்பிப் பின்னுக்கே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா வண்டிகளுக்கும் அப்பால், தூசிக்குள், என் பழைய ஜீப் மங்கலாக வந்துகொண்டிருந்தது. என் தலை திரும்புவது அவ்வளவு தூரத்துக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் ரேடியோவில் குரல் வந்தது.

"முன்னுக்குப் பாருங்கோ, அண்ணை. பின்னாலை நான் இருக்கிறன்."

ரமணன், இதை நிறுவனத்தில் காட்டுங்கள். திரையைப் பூட்டட்டும், நல்லதுதான். கடைசி வண்டியை மட்டும் கடைசியிலேயே விடச் சொல்லுங்கள்.